ஒரே ஒரு டிரா

(மண்ணச்சநல்லூர் ஒன்றிய அளவில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில், மதிப்பீடு என்னும் தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)



மதிப்பீடு பற்றிப் பேச வேண்டும் என்று சொன்னார்கள். நான் கால்பந்தில் தொடங்கப் போகிறேன். நம் உடற்கல்வி ஆசிரியர்கள் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம். நான் கணித ஆசிரியை. 2019 மார்ச் வரை கால்பந்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. மீதியைச் சொல்லிக் கொடுத்தவன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு மாணவன்.

அவன் பள்ளி அணியில் நடுக்கள ஆட்டக்காரன். அப்பா அரிசி ஆலையில் வேலை பார்த்தார். நம் ஊரில் அரிசி ஆலைக்குப் போகாத வீடு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள். அறுவடை முடிந்த வயலில் பையன்கள் பந்தடிப்பார்களே, அந்தக் கூட்டத்தில் முதலில் வருபவனும் கடைசியில் போகிறவனும் இவன்தான். கணக்கு வகுப்பில் மட்டும் கடைசி பெஞ்சு.

2019 மார்ச் 11, திங்கட்கிழமை. டீக்கடையில் கேட்டு வாங்கிய செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை நான்காக மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "டீச்சர், ரெண்டு டீமும் பதிமூணு மேட்ச்தான் ஜெயிச்சிருக்காங்க. அப்புறம் எப்படி டீச்சர் இவங்க மட்டும் சாம்பியன்?" என்று கேட்டான்.

அந்தப் பையன் என்னிடம் தானாக வந்து கேட்ட முதல் கணக்கு அது.

விவரம் இதுதான். ஐ-லீக் என்பது இந்தியக் கால்பந்து கிளப்புகளுக்கான தேசிய அளவிலான போட்டி. 2018-19 பருவத்தில் 11 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 10 அணிகளுடன் சொந்த ஊரில் ஒரு முறையும் வெளியூரில் ஒரு முறையும் ஆட வேண்டும். ஆக, ஓர் அணிக்கு 20 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமனில் முடிந்தால் 1 புள்ளி, தோற்றால் ஒன்றும் இல்லை. இறுதிப் போட்டி என்று தனியாக ஒன்று கிடையாது. இருபது ஆட்டமும் முடிந்த பிறகு யாரிடம் புள்ளி அதிகமோ அவர்கள் சாம்பியன்.

அந்தப் பருவத்தில் பட்டம் வென்றது நம் மாநிலத்தின் சென்னை சிட்டி அணி. பெயரில் சென்னை இருந்தாலும் அவர்கள் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடியது கோவை நேரு விளையாட்டரங்கில். அதற்கு முந்தைய பருவத்தில் பத்து அணிகளில் எட்டாவதாக வந்தவர்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெட்ரோ மான்சி என்ற முன்கள ஆட்டக்காரர் மட்டும் 21 கோல் அடித்தார். ஸ்பெயினிலிருந்து வந்த சிலரோடு, எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம் தமிழ்நாட்டு இளைஞர்களும் ஆடினார்கள். தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

கடைசி நாள் மார்ச் 9. அன்று காலை சென்னை சிட்டியிடம் 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியிடம் 39. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஆட்டம். கோவையில் சென்னை சிட்டி, முந்தைய ஆண்டுச் சாம்பியன் மினர்வா பஞ்சாபுடன் மோதுகிறது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவுடன் மோதுகிறது. கோவையில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை சென்னை சிட்டி பின்தங்கியே இருந்தது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா என்ற தற்காப்பு ஆட்டக்காரர் இரண்டு கோல் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றது. ஆனாலும் ஒரு புள்ளி குறைந்தது.

பையன் அந்தக் கடைசி நாள் ஆட்டத்தைக் கண்முன் நடந்ததுபோல் சொன்னான். எனக்குப் பிடித்தது அதற்குக் கீழே இருந்த பட்டியல். அதைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன்.

சென்னை சிட்டி: ஆட்டம் 20, வெற்றி 13, டிரா 4, தோல்வி 3, புள்ளி 43.
ஈஸ்ட் பெங்கால்: ஆட்டம் 20, வெற்றி 13, டிரா 3, தோல்வி 4, புள்ளி 42.

"வெற்றியை மூன்றால் பெருக்கி டிராவைக் கூட்டு" என்றேன். பெருக்கினான். இரண்டு பக்கமும் 39 வந்தது. கூட்டினான். 43, 42. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "டீச்சர், இவங்க ஒரு மேட்ச் தோத்த இடத்துல அவங்க ஒரு மேட்ச் டிரா பண்ணிருக்காங்க. அவ்வளவுதான்" என்றான்.

அவ்வளவுதான். இருபது ஆட்டம், ஐந்து மாதம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம். இரண்டு அணிகளும் சமமாகவே வென்றன. ஓர் அணிக்கு ஆட்டம் சரியாக வராத நாள்களில், தோற்காமல் திரும்பிய ஒரு நாள் கூடுதலாக இருந்தது.

வகுப்பே அன்று அந்தக் கணக்கில் இறங்கிவிட்டது. "முன்னெல்லாம் வெற்றிக்கு ரெண்டு புள்ளிதானாம், உலகக் கோப்பையிலேயே 1994லதான் மூணு ஆக்கினாங்களாம்" என்றான் இன்னொருவன். சரி, இரண்டால் பெருக்கிப் பார் என்றேன். 30, 29. அப்போதும் ஒன்றுதான் வித்தியாசம். அந்த நான்கு டிராவில் ஒன்று தோல்வியாகியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். இரண்டு அணியும் 42 என்று சமமாக நிற்கும், வேறு விதியைத் தேட வேண்டும். இரண்டு தோல்வியாகியிருந்தால்? 41. பட்டம் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். "அப்ப அந்த நாலுல எது டீச்சர் சாம்பியன் ஆக்கின டிரா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நாலும்தான் என்றேன். ஒருபடிச் சமன்பாட்டை அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னும் பின்னும் நடத்தியதில்லை.

நண்பர்களே, இத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல வகுப்பறை அனுபவம். நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது.

அடுத்த ஆண்டு அவன் பத்தாம் வகுப்பு. காலாண்டில் கணக்கில் 41 எடுத்தான். 2019 டிசம்பரில் அரையாண்டு. கணக்குத் தேர்வுக்கு முன் இரண்டு நாள் ஒரு போட்டிக்காக வெளியூர் போய்விட்டு, கணுக்கால் வீங்கி நொண்டிக்கொண்டே வந்தான். தேர்வறையில் ஒரு மணி நேரம் எழுதினான். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான். நான் அந்தப் பக்கமாகப் போனேன். முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

நான் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "தெரியலேன்னா பேப்பரைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போப்பா. காலை நீட்டிப் படு. அரையாண்டுதானே. பிப்ரவரியில திருப்புதல் இருக்கு, மார்ச்சுல பார்த்துக்கலாம்."

அன்பாகத்தான் சொன்னேன். அவன் கொடுத்துவிட்டுப் போனான்.

திருத்தும்போதுதான் பார்த்தேன். செய்முறை வடிவியலும் வரைபடமும் எழுதவே இல்லை. எட்டும் எட்டும் பதினாறு மதிப்பெண். கணித ஆசிரியர்களுக்குத் தெரியும், மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு நாம் முதலில் பழக்குவது அந்த இரண்டையும்தான். அவனுக்கு அது இரண்டும் நன்றாகவே வரும். காம்பஸ் பிடித்தால் கை நடுங்காத பையன். அன்று 22 போட்டேன். பதினாறும் வந்திருந்தால் 38.

ஜனவரியிலிருந்து அவன் உண்மையிலேயே படித்தான். முதல் திருப்புதலில் 48, இரண்டாவதில் 57. பொதுத்தேர்வில் எழுபதைத் தொடுவான் என்று நம்பினேன். அந்த மார்ச்சில் என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச் 27 அன்று தொடங்க வேண்டிய தேர்வு கொரோனாவால் தள்ளிப் போனது. ஜூன் 1 என்றார்கள், ஜூன் 15 என்றார்கள். ஜூன் 9 அன்று தேர்வு ரத்து, அனைவரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. மதிப்பெண் எப்படி? காலாண்டு, அரையாண்டுக்கு 80 விழுக்காடு. வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு.

திருப்புதல் தேர்வுகள் அதில் இல்லை. அவன் ஏறி வந்த இரண்டு படியும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. நான் "அரையாண்டுதானே" என்று சொன்ன அந்த 22 வந்தது.

அன்று தேர்வு ரத்தானது சரியான முடிவு. குழந்தைகளின் உயிர் முதலில். அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற்றார்கள், இவனும் பெற்றான். பதினொன்றில் கணினி அறிவியல் பிரிவு வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தான். அந்த மதிப்பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தான். இப்போது வேலையில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பந்தடிக்கிறான், நன்றாக இருக்கிறான். என்னால் ஒரு வாழ்க்கை கெட்டுப்போனது என்று நான் சொல்ல வரவில்லை. அவன் விரும்பிய ஒரு கதவு மூடிக்கொண்டது. அந்தக் கதவில் என் கையும் இருந்தது.

மதிப்பெண் சான்றிதழ் வாங்க முகக்கவசத்தோடு வந்தான். கணக்கு மதிப்பெண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், அன்னைக்கு அந்தப் பதினாறை எழுதியிருந்தா டிராவாவது ஆகியிருக்கும்ல?" என்றான். போகச் சொன்னது நான் என்பதை அவன் சொல்லவில்லை. மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

போன ஆண்டு கரும்பலகை முன் நின்று அவன் கண்டுபிடித்ததைத்தான் திருப்பிச் சொன்னான். கணக்கைக் கற்றுக்கொண்டவன் அவன். பாடம் நடத்திய நான் கற்றுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். கால்பந்தில் இரண்டு வகைப் போட்டி இருக்கிறது. ஒன்று நாக் அவுட். தோற்றால் வெளியே, கடைசி நாள் வென்றவனுக்குக் கோப்பை. இன்னொன்று லீக். அக்டோபரில் எடுத்த புள்ளிக்கும் மார்ச்சில் எடுத்த புள்ளிக்கும் ஒரே மதிப்பு. பள்ளிக்கூடம் இயல்பில் லீக் மாதிரி. ஜூனில் தொடங்குகிறது, நாள்தோறும் ஆட்டம். ஆனால் நம் மனத்தில் அதை நாக் அவுட்டாக வைத்திருக்கிறோம். "காலாண்டுதானே", "சிலிப் டெஸ்ட்தானே", "மார்ச்சுல பார்த்துக்கலாம்." பிள்ளைகளுக்கு இந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன? நம்மிடமிருந்துதான்.

நம் துறை இதை லீக்காக மாற்றப் பார்த்தது. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். நூற்றில் நாற்பது, அன்றாட ஆட்டத்துக்கு. அந்த நாற்பதை நாம் எப்படிக் கையாண்டோம்? மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது, என்னைப் பற்றிச் சொல்கிறேன். பருவக் கடைசியில் ஒரே இரவில் உட்கார்ந்து, நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு 38, சுமாராகப் படிக்கிற பிள்ளைக்கு 32 என்று போட்டு முடித்திருக்கிறேன். ஆடாத ஆட்டத்துக்குப் புள்ளி எழுதிய நடுவர் நான். உங்களில் சிலர் தலை குனிவதைப் பார்த்தால் நான் தனியாள் இல்லை என்று தெரிகிறது.

இப்போது நான் செய்வது பெரிய முயற்சி எதுவும் இல்லை. வாரம் ஒரு பத்து மதிப்பெண் தேர்வு வைக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய போன வார மதிப்பெண்ணோடுதான் மோத வேண்டும். கூடினால் வெற்றி, 3 புள்ளி. அதே மதிப்பெண் வந்தால் டிரா, 1 புள்ளி. குறைந்தால் புள்ளி இல்லை. பத்துக்குப் பத்து எடுக்கிற பிள்ளை அதைக் காப்பாற்றினாலே வெற்றி என்று ஒரு விதி சேர்த்துக்கொண்டோம். இல்லாவிட்டால் முதல் மாணவிக்கு அநியாயம் ஆகிவிடும். அதைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டதே அந்த முதல் மாணவிதான்.

முதலில் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். தவறு செய்துவிட்டேன். இரண்டே வாரத்தில் யார் முதலிடம், யார் கடைசி என்று பிள்ளைகள் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒரு மாணவி, "டீச்சர், என் பேரை மட்டும் எடுத்துடுங்க" என்றாள். முழுப் பட்டியலையும் கிழித்துவிட்டு, அவரவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அது நிலைத்தது. பத்துக்கு மூன்று எடுக்கிற பிள்ளை அடுத்த வாரமும் மூன்று எடுத்துவிட்டு "இந்த வாரம் டிரா டீச்சர்" என்று தலை நிமிர்ந்து சொல்கிறது. தோற்கவில்லை என்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அந்தப் பிள்ளைக்கு யாரோ முதல் முறையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிதாக இருக்காது. நேற்று நான்கு எழுத்து வாசித்த குழந்தை இன்று காய்ச்சலோடு வந்தும் அதே நான்கை வாசித்தால், "பரவாயில்லையே, மறக்கலையே" என்று தட்டிக் கொடுப்பவர்கள் நீங்கள். அதை நாங்கள்தான் ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

இன்னொரு காரியமும் செய்தேன். உடற்கல்விப் பாடவேளையைக் கடன் கேட்பதை நிறுத்தினேன். ஜனவரி வந்தால் "சார், இந்த ஒரு பீரியட் மட்டும்" என்று பி.இ.டி. சாரிடம் கேட்டு வாங்கி, திருப்பித் தந்ததே இல்லை. என் பையனுக்கு டிரா என்றால் என்ன என்பதை நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கவில்லை. 0-1 என்று பின்தங்கி, கால் வலித்து, கடைசி ஐந்து நிமிடம் ஓடி ஒரு கோல் அடித்துத் திரும்பிய சாயங்காலங்களில் அவன் அதைக் கற்றான். அந்தப் பாடவேளையையும் பிடுங்கிக்கொண்டு, "விடாமுயற்சி" என்று கட்டுரை எழுதச் சொல்வது நியாயமா?

சென்னை சிட்டியின் கதைக்கு ஒரு மீதி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி உண்மை ஆகிவிடும். அடுத்த பருவத்தில் அந்த 43 புள்ளி கூட வரவில்லை. லீக்கில் யாராக இருந்தாலும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குப் போனார்கள். 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை. கோவையில் பட்டம் வென்று இரண்டே ஆண்டு. "போன வருஷம் நம்ம ஸ்கூல் நூத்துக்கு நூறு" என்று பெயர்ப்பலகை வைக்கிற நாமும் இதை நினைத்துக்கொள்வது நல்லது. போன ஆண்டுத் தேர்ச்சி விழுக்காடு இந்த ஜூனில் சேர்ந்த பிள்ளைக்கு ஒரு புள்ளியும் தராது.

அடுத்த மாதம் நமக்கு அரையாண்டுத் தேர்வு. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தேர்வறையில் எழுதாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்ப்பீர்கள். கால் வலியாக இருக்கலாம், வீட்டில் இரவு தூங்கவிடாத சண்டையாக இருக்கலாம், உண்மையிலேயே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். "கொடுத்துட்டுப் போப்பா" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் போய், "உனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது ஏதாவது மிச்சம் இருக்கா, பாரு" என்று மட்டும் சொல்லுங்கள். பதினாறு மதிப்பெண் எங்காவது இருக்கும். ஐந்து மதிப்பெண்ணாவது இருக்கும்.

அது எந்தக் கணக்கில் போய்ச் சேரும் என்று அன்று நமக்குத் தெரியாது. 2019 டிசம்பரில் எனக்கும் தெரியவில்லை.